அந்தோணியம்மாளுக்கு நான் சொல்லாத சாட்சி

விழுப்புரத்திலிருந்து ரோஸி போன் செய்தார். "சார், அம்மா போயிட்டாங்க."

ரோஸியின் அம்மா அந்தோணியம்மாள், திண்டிவனத்தில் நான் விலங்கியல் ஆசிரியராக இருந்த பள்ளியின் ஆய்வக உதவியாளர். 1993இல் நான் அங்கே சேர்ந்தபோதே அவருடைய வலது கால் யானைக்கால் நோயால் வீங்கியிருந்தது. கூட்டேரிப்பட்டிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வருவார். அவர் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்துவிடுவார்கள்.

ஒருநாள் நிணநீர் பாடம் நடத்தினேன். ரத்தத் தந்துகிகளிலிருந்து கசியும் நீர் திசுக்களுக்கு ஊட்டம் கொண்டுபோகிறது. பெரும்பகுதி ரத்தத்துக்கே திரும்புகிறது. மிச்சத்தை நிணநீர்க் குழாய்கள் மேலே ஏற்றிக் கழுத்தருகே ரத்தத்தில் சேர்க்கின்றன என்று படம் போட்டேன். பிள்ளைகள் போனபிறகும் அந்தோணியம்மாள் கரும்பலகை எதிரிலேயே நின்றார்.

"சார், எனக்கு அந்த மிச்சத் தண்ணி மேல போவாம கால்லயே தங்கிப்போச்சா?"

"ஆமாங்க. கொசு கடிச்சு உள்ள போன புழு, அந்தக் குழாயைக் கெடுத்துடுச்சு. காலைத் தூக்கி வெச்சுக்கங்க, அசைச்சுக் குடுங்க."

"தொட்டா ஒட்டிக்குமா? பொண்ணுக்கு வந்துடுமா?"

"ஒட்டாது. பரம்பரையாவும் வராது."

சில வருடங்களில் ரோஸிக்குக் கண்டமங்கலத்திலிருந்து வரன் வந்தது. "என் காலைப் பாத்து பயந்துக்கினு இருக்காங்க சார். ஞாயித்துக்கிழமை வர்றாங்க. அன்னிக்கு எனக்குச் சொன்னத அவங்களுக்கு ஒருதரம் சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க" என்றார்.

வருகிறேன் என்றேன். போகவில்லை. அந்த வீட்டில் உட்கார்ந்து அவர் கையால் சாப்பிட வேண்டுமே என்று எனக்கு அருவருப்பு. ஒட்டாது என்று சொன்னவனும் நான்தான்.

சம்பந்தம் முறிந்தது. திங்கட்கிழமை அவரே பேச்சை எடுத்தார். "பரவாயில்ல சார். உங்களுக்கு ஏதாச்சும் வேலை இருந்திருக்கும்." ஆமாம் என்றேன். ஓய்வு பெறும்வரை அவர் அதைப் பற்றி மறுபடி பேசியதே இல்லை.

ரோஸி பிறகு படித்து, விழுப்புரத்தில் நர்ஸாகி, அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொண்டார். நேற்று அந்த வீட்டுக்குப் போனேன்.

"தினமும் காலைக் கழுவி, விரலிடுக்குல ஈரமில்லாம துடைச்சி, தலைகாணி மேல தூக்கி வெச்சிக்கினுதான் படுப்பாங்க. 'சார் படம் போட்டுச் சொன்னாரு'ன்னு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லுவாங்க சார்" என்றார் ரோஸி.

என்னால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. "அந்த ஞாயித்துக்கிழமை எனக்கு வேலை எதுவும் இல்லம்மா" என்றேன்.

"தெரியும் சார். அம்மாவுக்கும் அன்னிக்கே தெரியும்."

பெட்டியை மூடும் முன், அம்மாவின் வலது பாதத்தில் சுருண்டிருந்த புடவை ஓரத்தை ரோஸி இழுத்து நேராக்கினார். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

அந்தோணியம்மா, உங்கள் காலால் யாருக்கும் எந்தக் கெடுதலும் வந்திருக்காது. இதைச் சொல்ல வேண்டிய இடத்தில் நான் சொல்லவில்லை. போய் வாருங்கள்.