எங்கை போறியள் என்று கேட்ட பிள்ளை

வெயிலில் காயும் வலைக்கு ஒரு வாசம் உண்டு. உப்பும் பாசியும் கலந்த வாசம்... பண்ணைப் பாலம் தாண்டியதுமே அது பஸ்ஸுக்குள் வந்துவிடும். இரண்டு பக்கமும் அசையாத கடல். பஸ் தண்ணீருக்கு மேலே மிதந்து போவது போல இருக்கும். எனக்குப் பாதி நித்திரை, பாதிக் கனவு.

எழுபதுகளின் கடைசி. உளவியல் படித்துவிட்டு, பிள்ளைகளோடும் குடும்பங்களோடும் வேலை செய்வதற்கான பயிற்சியில் யாழ்ப்பாணத்தில் சேர்ந்திருந்தேன். வெளிநாட்டில் படித்து வந்த ஒரு டொக்டர் அம்மா எங்களுக்குப் பொறுப்பு. "பிள்ளையைத் தனியாப் பாராதையும், வீட்டோடை பாரும்" என்பார். அதனால்தான் என்னைத் தீவுப்பக்கத்துக் கரம்பொன்னுக்கு அனுப்பினார்.

அங்கே உளவியலாளர் என்றால் யாருக்குத் தெரியும்? எல்லாருக்கும் நான் ரீச்சர்தான்.

அந்தோனியண்ணை கடற்தொழில் செய்பவர். அவருடைய மகள் ஜெசிந்தாவுக்கு எட்டு வயது. கடலுக்குப் போன சித்தப்பா திரும்பி வராத நாளிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை. வைத்தியம் பார்த்தாயிற்று, நேர்த்தியும் வைத்தாயிற்று. பள்ளிக்கூடத்தில் ஊமை என்று பழிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

"கோயில் பெருநாள் முடிய மன்னார்ப் பக்கம், கடலுக்குத் தள்ளி இருக்கிற மாமி வீட்டை விடப்போறம், ரீச்சர். இந்தக் கடலைப் பாக்காமல் இருந்தாலாவது கதைப்பாள்" என்றார் தாய் திரேசக்கா. சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. பெருநாளுக்கு அதிக நாள் இருக்கவில்லை.

பயிற்சிக்கென்று தந்த துணிப்பை நிறைய பொம்மைகள் கொண்டு போயிருந்தேன். அப்பா பொம்மை, அம்மா பொம்மை, எல்லாருக்கும் மஞ்சள் தலைமயிர். ஜெசிந்தா அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. நான் போகும் போதெல்லாம் அவள் மணலில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைத் தள்ளித் தள்ளி விளையாடுவாள். நான் பக்கத்தில் குந்தியிருப்பேன். காற்று, அலை, தூரத்தில் யாரோ வலை தட்டும் சத்தம்... மணித்தியாலம் போவதே தெரியாது. அந்த மௌனம் எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

ஒருநாள், பிள்ளையின் விளையாட்டுக்குள் போய்க் கேள்வி கேட்க வேண்டும் என்று படித்தது நினைவு வந்தது. சிரட்டையைக் காட்டி, "இந்த வள்ளம் எங்கை போகுது?" என்றேன்.

சட்டென்று ஒரு சின்னக் கை என் வாயைப் பொத்தியது.

"அப்பிடிக் கேக்கக் கூடாது. கேட்டா வராது."

காற்றோடு போன மாதிரி ஒரு குரல். நான் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் மிச்சமும் வந்தது.

"நான் சித்தப்பாவைக் கேட்டனான்."

வெளிக்கிடுகிறவரிடம் எங்கே போகிறீர்கள் என்று எங்கள் பக்கத்தில் கேட்க மாட்டார்கள். எங்கள் வீட்டிலும் கேட்டால் ஏச்சுத்தான் விழும். கடலுக்குப் போகிறவரிடம் சொல்லவே வேண்டாம். இந்தப் பிள்ளை வாய் தவறிக் கேட்டிருக்கிறாள். சித்தப்பா வரவில்லை. தன் சொல்தான் அவரைக் கொண்டு போனது என்று அத்தனை நாளும் தனக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள்.

"அப்பாட்டைச் சொல்லட்டோ?" என்று கேட்டேன். ஓமென்று தலையை ஆட்டினாள்.

நான் சொன்னதும் திரேசக்கா அவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு அழுதார். அந்தோனியண்ணை கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பயிற்சியில் கற்றதையெல்லாம் சேர்த்து ஒரு விளக்கம் தொடங்கினேன். அவர் அதைக் கேட்டு முடிக்கவில்லை. எழும்பிப் போய் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். தொழிலுக்குப் போகும் நேரம்.

"என்னை ஒருக்காக் கேள், மோனை."

திரேசக்கா பதறிப் போனார். "உங்களுக்கென்ன விசரே?"

பிள்ளை தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவர் நகரவில்லை. "நீ கேக்காட்டி நான் இண்டைக்குத் தொழிலுக்குப் போகேன்."

எவ்வளவு நேரம் நின்றாரோ... வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. மற்ற வள்ளங்கள் போய்விட்டன.

"எங்கை போறியள், அப்பா?"

"கடலுக்கு, மோனை. விடிய வந்திடுவன்."

அன்று நான் யாழ்ப்பாணம் திரும்பவில்லை. திரும்ப மனம் வரவில்லை. எனக்குச் செபம் தெரியாது, ஆனால் திரேசக்கா செபமாலை சொல்லச் சொல்ல நானும் வாயசைத்தேன்.

விடிந்தபோது கடலுக்கும் வானத்துக்கும் நடுவில் கோடே இல்லை. எல்லாம் ஒரே சாம்பல் நிறம். வள்ளங்கள் அந்தப் பனிப்புகாருக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்தன. அவருடையது கடைசி. ஜெசிந்தா முழங்கால் தண்ணீருக்குள் ஓடினாள்.

"மீன் பட்டதோ, அப்பா?"

"படேல்லை, மோனை." அவர் சிரித்தார். மீன் படாததற்கு ஒருவர் அப்படிச் சிரித்ததை நான் பிறகு பார்த்ததில்லை.

பயமாக இருக்கவில்லையா என்று அவரிடம் கேட்டேன்.

"பயமில்லாமலோ, ரீச்சர்? அவள் கேட்டவுடனை என்ரை கால் பின்னுக்குத்தான் வந்தது. ஆனா நான் நிண்டிருந்தா அவள் பேந்து வாயே திறந்திருக்க மாட்டாள்."

ஜெசிந்தாவை மன்னாருக்கு அனுப்பவில்லை.

டொக்டர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாராட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஒன்றுதான் கேட்டார். "தகப்பன் வராமல் விட்டிருந்தால் அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லியிருப்பீர்?"



இப்போது நானும் கம்பியூட்டர் திரையில் இந்த வேலைக்கு வரும் இளம் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அவர்களிடம் நல்ல அறைகள், வீடியோ, அழகான விளையாட்டுச் சாமான்கள் எல்லாம் இருக்கின்றன. கெட்டிக்காரப் பிள்ளைகள். இந்தக் கதையைச் சொல்லிவிட்டு டொக்டர் அம்மாவின் கேள்வியைக் கேட்பேன். மளமளவென்று பதில் எழுதுவார்கள். நல்ல பதில்கள்தான், குறை சொல்ல ஏலாது.

நான் மட்டும் ஒவ்வொரு தரமும் அவற்றை வாசித்துவிட்டு, அந்தோனியண்ணை அன்று வந்துவிட்டார் என்று இன்னொரு தரம் ஆறுதல்படுகிறேன்.