ஊசிக்குப் பிறகு பேசக் கூடாத ஒரு மணி நேரம்

எனக்கு வாய் சும்மா இருக்காது. ராஜபாளையத்தில் எங்கள் துணிக்கடையில் ஒரு நைட்டி விற்பதற்குள் வாங்க வந்தவளின் மாமியார் கதை வரைக்கும் கேட்டுவிடுவேன். அந்த வாய்தான் மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு நாள் முழுக்க என் உயிரை வாங்கியது.

கழுத்திலிருந்த தைராய்டை எடுத்த பிறகும் புற்றுநோய் என் நுரையீரலுக்குப் போயிருந்தது. அயோடின் மருந்து கொடுத்து ஸ்கேன் எடுத்தார்கள். படத்தில் ஒரு பொட்டுகூட இல்லை. நோய் போய்விட்டது என்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தேன். அடுத்த வாரமே டாக்டர் சர்க்கரை ஊசி போட்டு எடுக்கும் பெட் ஸ்கேன் எடுத்து, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இதில் நெஞ்சுக்குள் அங்கங்கே கட்டி மஞ்சளாக எரிந்தது.

"உங்க கட்டி அயோடினை இழுக்கிறதை நிறுத்திருச்சும்மா. அதான் அந்தப் படத்துல தெரியல. இனிமே அந்த மருந்து கேக்காது" என்றார்.

வேறு மாத்திரை கொடுத்தார். மூன்று மாதம் கழித்து மறுபடி பெட் ஸ்கேன் எடுத்துப் பழையதோடு ஒப்பிட வேண்டும். இதுவும் கேட்கவில்லை என்றால் வழி குறைவு என்பதையும் மறைக்காமல் சொன்னார். வெளியே வந்ததும் என் கணவர், "ஒண்ணும் செய்யாது, வா" என்றார். அந்த மூன்று மாதமும் அதையேதான் சொன்னார். மாத்திரையால் எனக்கு உள்ளங்கை உரிந்தது, பிரஷர் ஏறியது. ஆனாலும் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி ஒரே பரபரப்பு.

அந்த நாளும் வந்தது. ஊசியைப் போட்டு, "ஒரு மணி நேரம் பேசாமப் படுத்திருங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் போய்விட்டாள். பக்கத்துக் கட்டிலில் இன்னொரு பெண். பத்து நிமிஷம் பொறுத்திருப்பேன்.

"எந்த ஊரு?"

"கூமாப்பட்டி."

போதாதா? நான் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்து ஊர். "அட, எங்க சின்னம்மாவை அங்கதான குடுத்திருக்கு! நீங்க யாரு வீடு?" என்று ஆரம்பித்தேன். அவளுடைய மதினியும் என் சின்னம்மாவும் சம்பந்திகள் என்று கண்டுபிடித்தபோது எழுந்து உட்காராத குறைதான். குசுகுசுவென்றுதான் பேசினோம்.

சாயங்காலம் டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் திறந்தார். நெஞ்சில் மஞ்சள் நன்றாகவே மங்கியிருந்தது. எனக்குக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. அதற்குள் அவர் விரல் கழுத்துக்குப் போனது. பழைய படத்தில் இல்லாத மஞ்சள் அங்கே இருந்தது.

"ஊசி போட்டப்புறம் பேசுனீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"லேசா..."

"ஏட்டி, லேசாவா! வெளிய உக்காந்திருந்த எனக்கே கேட்டுச்சு" என்றார் கணவர்.

டாக்டர் சிரித்துவிட்டார். பேசினால் தொண்டைத் தசை உழைக்குமாம். உழைக்கிற தசை சர்க்கரையை இழுத்துக்கொண்டு, படத்தில் கட்டி மாதிரியே எரியுமாம். "பேச்சாவும் இருக்கலாம், கட்டியாவும் இருக்கலாம். நாளைக்குக் கழுத்தை மட்டும் திரும்ப எடுத்துப் பாப்போம்" என்றார்.

மறுநாள் வாயில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்தேன். பக்கத்துக் கட்டிலுக்கு வந்த அம்மா, "எந்த ஊரும்மா?" என்றாள். தொண்டையைத் தொட்டுக் கையை விரித்தேன். "அய்யோ பாவம், பேச்சே போயிருச்சா?" என்று உச்சுக் கொட்டினாள். இல்லை என்று சொல்ல நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

டாக்டர் மூன்று படங்களையும் வரிசையாகத் திறந்தார். இன்றைய படத்தில் கழுத்தில் ஒன்றுமே இல்லை!

"அப்ப எனக்குக் குணமாயிருச்சா?"

"அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனா மருந்து கேக்குதும்மா. தொடருவோம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டரைக் கும்பிட்டேன், நர்ஸைக் கும்பிட்டேன், கம்ப்யூட்டரையும் கும்பிட்டேன். திரும்பிப் பார்த்தால் என் கணவர் அழுதுகொண்டிருந்தார். டாக்டர் முன்னாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, "இருப்பேட்டி, நீ இருப்பே" என்றார். இத்தனை மாதமாக நான் இருக்க மாட்டேன் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.