கை படாத காகிதம்

கதவைத் தட்டுமுன் முத்திருளன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பார். உள்ளே போகப் போவதில்லை. பதினெட்டு வருஷத்தில் எந்த வீட்டுக்காரரும் அவரை உள்ளே வரச் சொன்னதும் இல்லை. இருந்தாலும் கழற்றுவார். பிறகு மூன்று தட்டு, ஒரு செருமல். பதில் வராது. காக்கிப் பையிலிருந்து பசை டப்பா வெளியே வரும். வீட்டில் மைதா மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்கத் துளி மயில்துத்தம் போட்டு எடுத்து வருகிற பசை.

வைகைக் கரைக் குடிசைகளைக் கலைத்துவிட்டு, அங்கிருந்தவர்களுக்குத் திருமங்கலம் சாலையில் அரசாங்கம் மூன்று மாடி வீடுகள் கட்டிக்கொடுத்தது. அந்தக் குடியிருப்பின் அலுவலகத்தில் முத்திருளன் பியூன். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸைக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. கையில் வாங்க மறுத்தால் கதவில் ஒட்ட வேண்டும். ஒட்டியதைப் பார்த்ததாக அக்கம்பக்கத்தார் இருவர் கையெழுத்துப் போட வேண்டும். பதினைந்து நாள் கழித்து விசாரணை. விசாரிக்காமல் யாரையும் வெளியே தள்ளக் கூடாது என்பது சட்டம்.

சட்டம் அப்படி. ஜனங்கள் வேறு மாதிரி. முத்திருளனின் தலை தெருமுனையில் தெரிந்ததும் குழாயடியில் யாராவது ஒருத்தி குடத்தைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். அதுதான் தகவல். அடுத்த நிமிஷம் நாற்பத்தெட்டுக் கதவும் சாத்தியிருக்கும். கையால் தொடாத காகிதம் தங்களை ஒன்றும் செய்யாது என்று அங்கே அத்தனை பேரும் நம்பினார்கள். இந்த யோசனையை முதலில் கிளப்பிவிட்ட புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. எங்கிருந்தாலும் நன்றாயிருக்கட்டும்.

"வாங்குனாத்தான் தாயி வாய்தா கேக்க முடியும். வாங்காட்டி, ஆளு வரலைன்னு ஒத்த வரி எழுதிட்டு மூட்டை முடிச்ச எறக்கிருவாக" என்று கதவுகளிடம் அவர் மன்றாடுவார். பிறகு நோட்டீஸை உரக்கப் படிப்பார். அப்படிப் படிக்கச் சொல்லி எந்த விதியும் இல்லை. "'தங்கள் பெயரிலுள்ள ஒதுக்கீட்டை ஏன் ரத்து செய்யக் கூடாது என்பதற்குக் காரணம் காட்டவும்.' அதாவது தாயி, நீ இங்க இருக்கிறதுக்கு நாயம் இருந்தா வந்து சொல்லுங்கிறாக. அம்புட்டுத்தான்." மூடிய கதவுக்கு முன்னால் ஒரு மனிதர் நின்று இப்படிப் பாடம் நடத்துவதைப் பார்த்தால் முதலில் சிரிப்பு வரும். கொஞ்ச நேரம் நின்று கேட்டால் சிரிப்பு போய்விடும்.

சாமான்களை இறக்கும் நாளில் மட்டும் அவருக்கு வயிற்று வலி வந்துவிடும். முதல் நாளே லீவு கடுதாசி எழுதி வைத்துவிடுவார். அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை. ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் பாக்கி.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாதத்தில் இரண்டாம் மாடி முருகம்மாளுக்கு நோட்டீஸ் வந்தது. புருஷன் செத்தபிறகு வீடு அவள் பெயருக்கு மாறியிருந்தது. சோழவந்தான் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிற வேலை. வேலை மும்முரமானால் நாலு நாள் அங்கேயே தங்கிவிடுவாள். அப்படி ஒரு நாள் ஆய்வுக்கு வந்தவர்களிடம், ஊரிலிருந்து வந்திருந்த அவள் தங்கை, "அக்கா இங்க இல்லைங்க, நான்தேன் இருக்கேன்" என்று சொல்லிவிட்டாள். உள்வாடகைக்கு விட்டிருக்கிறாள் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

முத்திருளன் தட்டினார், படித்தார், ஒட்டினார். உள்ளே வளையல் சத்தம் கேட்டது. "பதினஞ்சு நாள் கழிச்சு வார புதங்கெழமை, பதினோரு மணி, தாயி. இது என் வீடு, வேலைக்குப் போயிருந்தேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்று கதவிடுக்கில் வாய் வைத்துச் சொன்னார். சாட்சிக் கையெழுத்துக்குப் பக்கத்து வீடுகளைத் தட்டினால் ஒருவரும் திறக்கவில்லை. முருகம்மாளைக் காப்பாற்றுவதாக அவர்களுக்கு நினைப்பு.

ஆச்சரியம் என்னவென்றால், அந்த ஒரு தடவை அது காப்பாற்றத்தான் செய்தது. சாட்சி கிடைக்கவில்லை என்று எழுதி முத்திருளன் காகிதத்தை அதிகாரி அனந்தராமனிடம் நீட்டினார்.

"எதிர்த்தாப்பல டீக்கடையில ரெண்டு பேர்கிட்ட வாங்கிட வேண்டியதுதானே? எல்லாரும் அப்படித்தானே செய்றாங்க?"

"டீக்கடையில இருக்கிறவுக அந்தக் கதவை எங்கிட்டுங்கய்யா பாத்தாக?"

அனந்தராமன் கெட்டவர் அல்ல. சலித்துக்கொண்டாலும் விதியை மீறமாட்டார். சாட்சியில்லாமல் ஒட்டிய நோட்டீஸ் செல்லாது, புதன்கிழமை ஆள் வராவிட்டால் மறு நோட்டீஸ் போட வேண்டியதுதான் என்றார். இன்னும் பதினைந்து நாள். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோழவந்தானுக்கே போய் அவளை நேரில் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று முத்திருளன் கணக்குப் போட்டார். அன்று அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

புதன்கிழமை விசாரணை அறை வாசலில் நின்று மூன்று முறை பெயர் கூப்பிட்டார். யாரும் வரவில்லை. அதிகாரி மறு நோட்டீஸுக்கு உத்தரவு எழுதப் பேனாவைத் திறந்தார். அப்போதுதான் படியில் மூச்சிரைக்க முருகம்மாள் ஏறி வந்தாள். முந்தானை நுனியால் எதையோ பிடித்திருந்தாள். கதவில் ஒட்டிய நோட்டீஸ். தண்ணீர் தெளித்து, கிழியாமல் உரித்துக் காயவைத்து எடுத்து வந்திருந்தாள். அன்று கதவிடுக்கில் முத்திருளன் சொன்னதை உள்ளேயிருந்து கேட்டுத்தான் கிழமையும் நேரமும் தெரிந்துகொண்டிருந்தாள்.

"இந்தாங்க சாமி, உங்க காகிதம். என் கை படவே இல்லை" என்று மேசைமேல் வைத்தாள்.

அனந்தராமன் அதைத் திருப்பிப் பார்த்தார். "அப்போ நோட்டீஸ் உனக்குக் கிடைச்சிருக்கு. இதுக்கு உன் பதில் என்னம்மா?"

"பதிலெல்லாம் ஒண்ணுமில்லை சாமி. எனக்கு இது வேண்டாம்."

"அய்யா, அந்தம்மா சொல்ல வாரது என்னன்னா..." என்று வாசலிலிருந்து முத்திருளன் ஆரம்பித்தார்.

"கூப்பிடுறதோட உங்க வேலை முடிஞ்சது, முத்திருளன்."

பேனா ஓடியது. நோட்டீஸ் பெற்றுக்கொண்டார், ஆட்சேபணை ஏதும் தெரிவிக்கவில்லை, ஏழு நாளில் காலி செய்ய வேண்டும். அதிகாரி தாளைத் திருப்பி வைத்துக் கைநாட்டு வாங்கச் சொன்னார். அதுவும் பியூன் வேலைதான். முத்திருளன் அவள் இடது பெருவிரலைப் பிடித்து மைப்பெட்டியில் ஒற்றினார். வெற்றிலைக் காம்பு கிள்ளிக் கிள்ளி நகம் கருத்த விரல்.

"காகிதத்தைத் திருப்பிக் குடுத்ததுக்குத்தானேண்ணே?" என்றாள் முருகம்மாள். அவள் முகத்தில் பெரிய நிம்மதி. "சட்டுன்னு வைங்க. பன்னெண்டு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்."

முத்திருளன் விரலைப் பிடித்தபடியே நின்றார். தாளுக்கு மேலே ஓர் அங்குலத்தில் விரல் நின்றது. அனந்தராமன் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

முத்திருளன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, அந்த விரலிலிருந்த மையை அழுத்தித் துடைக்க ஆரம்பித்தார்.