பதினோராவது கேள்வி

போன செவ்வாய்க்கிழமை ஸ்டெல்லா டீச்சரோடு மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அதே அலுவலகம். மின்விசிறியின் முனகல்கூட மாறவில்லை.

செம்பாக்கத்தில் டீச்சர் எங்கள் தெருதான். வேதியியல் நடத்தியவர். பஜ்ஜிக் கடைகளில் பொரித்து மிஞ்சும் எண்ணெயை வாங்கி, ஒரு கொட்டகையில் பயோடீசல் ஆக்குகிறார். தற்காலிக அனுமதி இந்த மாதத்தோடு முடிகிறது. புது அனுமதி வராவிட்டால் கொட்டகைக்குப் பூட்டு.

வழக்கமாக இதற்குக் காஸ்டிக் சோடாவைக் கரைத்து ஊற்றுவார்கள். பிறகு டீசலைத் தண்ணீர் விட்டு அலசி அலசி எடுக்க வேண்டும். அந்தச் சோப்பு நீர் எங்கே போகும்? ஏரிக்குத்தான்!

டீச்சரோ அதற்குப் பதில் முட்டை ஓடுகளை உலையில் சுட்டுப் பொடியாக்கிப் போடுகிறார். வேலை முடிந்ததும் வடிகட்டி எடுத்து, அதே பொடியை மறுபடி போடுகிறார். டீசலில் தங்கும் மிச்சத்தை மரத்தூள் உறிஞ்சிவிடும். அலசல் இல்லை. கழிவுநீர் இல்லை.

வினையே அங்கேதான்.

"பதினோராவது கேள்வி... ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் கழிவுநீர்? 'இல்லை'ன்னு போட்டிருக்கீங்களே மேடம்," என்றார் அதிகாரி.

"இல்லை சார். அதான் போட்டேன்."

"'இல்லை'ன்னு வந்தா ஃபைலைத் திருப்பி அனுப்பணும்னு சர்க்குலர் இருக்கும்மா."

"வராத தண்ணியை நான் எங்கேர்ந்து சார் கொண்டு வர்றது?"

அவர் யோசித்தார். நல்ல மனிதர். "பேசாம பழைய முறைக்கே மாறிடுங்களேன். தண்ணி வரும். சுத்திகரிப்பு பிளான் ஒண்ணு வைங்க, நானே கையெழுத்துப் போட்டுடறேன்."

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். விதிமுறை தெரிந்தவன் என்றுதானே கூட்டிப் போனார்?

சர்க்குலரை வாங்கிப் படித்தேன். ஆலைக்காரர்கள் 'இல்லை' என்று எழுதிவிட்டு ஆற்றில் திறந்துவிட்ட காலத்தில் போட்டது. சந்து பொந்து இல்லாத வாசகம். கீழே கையெழுத்து - என்னுடையது.

"விதிவிலக்கு ஏதாவது...?" என்று இழுத்தேன்.

"நீங்கதான் சார் அந்தப் பாராவே வேணாம்னு அடிச்சீங்க!" என்றார் பெருமையாக.

டீச்சர் பழைய முறைக்கு மாறவில்லை. கொட்டகையைக் காலி செய்துவிட்டார்.

நேற்று தெருமுனை பஜ்ஜிக் கடைக்காரர் என்னை நிறுத்தினார். "இன்னா சார், டீச்சரக்கா வரவே இல்ல? எண்ணெ டின்னு ரொம்பி வழியுது."

விஷயத்தைச் சொன்னேன்.

"அப்போ ஏரியாண்ட கால்வாய்ல ஊத்திட வேண்டியதுதான். அதுக்கு ஃபாரம் ஒண்ணும் இல்லியே சார்?"

இல்லை. அதற்கு மட்டும் நான் படிவம் போடவில்லை.