இடது காதுக்கு மூன்று ஆல்பங்கள்

போன வாரம் திண்டிவனத்தில் சிவநேசன் வீட்டு வாசலில் குவிந்துகிடந்த செருப்புகளைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை பேரா? இன்றைக்கா?

சிவநேசன் என் கல்லூரித் தோழன். உரக்கடை வைத்திருக்கிறான். இடது காதுக்குள் ஒரு கட்டி. மறுநாள் மதியம் பாண்டிச்சேரியில் அட்மிஷன். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் காது கேட்காது என்று டாக்டர் மழுப்பாமல் சொல்லிவிட்டார்.

அவன் ஆசைப்பட்டது ஒன்றுதான். இரண்டு காதும் இருக்கும்போதே கல்லூரி நாளிலிருந்து நாங்கள் கொண்டாடும் வெளிநாட்டு ப்ராக்ரசிவ் ராக் குழுவின் மூன்று ஆல்பங்களை முழுசாகக் கேட்டுவிட வேண்டும். கூட உட்கார விழுப்புரத்திலிருந்து நான். குழுவின் பெயரைச் சொல்ல மாட்டேன்... சொன்னால் உங்களில் பாதிப் பேர் சண்டைக்கு வருவீர்கள்.

படகு அட்டை, படிக்கட்டு அட்டை, கறுப்பு அட்டை — இவை அட்டைப் படத்தைப் பார்த்து நாங்கள் வைத்த பெயர்கள். படகில் இளரத்தத்தின் அலட்டல். படிக்கட்டில் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. கறுப்புதான் அவன் உயிர். கோபம் தணியாதவர்கள் தாழ்ந்த குரலில் பேசுவதுபோல இருக்கும். வெயில்போல ஏறும். நடுவில் காற்று நின்ற கரும்புக் காடாய் அசையாமல் நிற்கும். பிறகுதான் இடி. அந்த நிற்கிற இடத்தைப் பொறுக்காதவனுக்கு இடி கிடையாது!

படகு அட்டையைப் போட்டோம். திருவெண்ணெய்நல்லூரிலிருந்து வந்திருந்த அவனுடைய மாமா, நாற்காலியை ஸ்பீக்கருக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னா மாப்ள, இன்னும் பாட்டே வரல? மைக் டெஸ்டிங்கே பண்ணிக்கினு கீறானுங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். சிவநேசனும், மரியாதைக்கு.

பாட்டு அடங்கி நின்றது. மாமா எழுந்துபோய் சுவிட்சை அணைத்தார்.

"மாமா, அது முடியலைங்க. நடுவுல கொஞ்சம் அமைதிங்க" என்றான் சிவநேசன்.

"அமைதிக்கு இன்னாத்துக்குப்பா கரண்டு?"

மறுபடி முதலிலிருந்து போட்டோம். அத்தை ஒருத்தர் ஆப்பிளோடு வந்தார். அடுத்தவர் தனக்குத் தெரிந்தவருக்கு இதே ஆபரேஷனில் வாய் கோணிக்கொண்டதை விவரித்தார். மாலைக்குள் ஒரு ஆல்பம்கூட முடியவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "கொஞ்ச நேரம் தனியா விடுங்களேன்!" என்று கத்திவிட்டேன்.

"ஒடம்பு சரியில்லாதவன தனியா வுடச் சொல்றியே, நீ இன்னாப்பா சிநேகிதக்காரன்?" என்றார் மாமா.

நோயாளியைச் சுற்றிக் கூட்டம் இருந்தால்தான் நமக்கு அது அன்பு. அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்பதற்கு மட்டும் யாருக்கும் நேரமில்லை.

ராத்திரி கூட்டம் கலைந்தது; நான் அங்கேயே தங்கினேன். மறுநாள் காலை அவன் மனைவி வசந்தா கையில் பூட்டோடு வந்து நின்றார். எங்கள் செருப்புகளை அவரே உள்ளே எடுத்துப் போட்டிருந்தார்.

"அண்ணா, நீங்க உள்ள இருக்கீங்களா? நான் வெளிய பூட்டிக்கினு பக்கத்து வீட்ல ஒக்காந்துக்கிறேன். வர்றவங்ககிட்ட ஊர்ல இல்லன்னு சொல்லிக்கிறேன். எனக்கும் இந்தப் பாட்டு ஒண்ணும் புரியாது. ஆனா அவரு நேத்து ராத்திரி சாப்டலண்ணா."

பூட்டு விழுந்தது. நேரே கறுப்பு அட்டை.

பாதியில், பாட்டு அடங்கி நின்ற இடத்தில், வெளியே மாமாவின் குரல்: "பூட்டிக்கீது! இந்த நெலமையில எங்க சுத்தினு கீறான் பாரு!" அவர் நகரும்வரை சத்தத்தைக் குறைத்து வைத்தேன்.

கடைசிப் பாட்டில் எல்லா வாத்தியமும் ஓய, இடப்பக்க ஸ்பீக்கரில் மட்டும் ஒரு கிடார் கிளம்பும். சிவநேசன் நாற்காலியைத் திருப்பி, இடது காதை அதற்கு நேரே கொடுத்தான். வலது காதை உள்ளங்கையால் இறுக்கி மூடிக்கொண்டான். அது முடியும்வரை கையை எடுக்கவில்லை.

கார் வந்து ஹாரன் அடித்தது. மற்ற இரண்டு ஆல்பங்களையும் அந்தக் காது முழுசாகக் கேட்கவே இல்லை.

கேட்க விடாதவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை — அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.