ஸ்வெட்டர் போட்ட குரோட்டன்

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பெரிய மீசைக்காரர். மெல்லிய சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்தார். அவருடைய ஸ்வெட்டர், மடியிலிருந்த குரோட்டன் செடியைப் பூச்சட்டியோடு சுற்றியிருந்தது.

"அண்ணே, அதுக்கும் டிக்கட் போடவா?" என்று கண்டக்டர் கேலி செய்தார்.

"மடியில இருக்க புள்ளைக்கு ஏதுங்க டிக்கட்?" என்றார் அவர்.

எனக்குக் கூச்சம்தான். ஆனாலும் கேட்டுவிட்டேன். "ஏன் தம்பி, நீங்கதானே நடுங்குறீங்க?"

"நான் இங்க பொறந்தவம்மா. இது கொழும்புல வளந்தது. குளிர் தாங்காம செத்துரும்."

நான் ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினேன்.

அவர் இறங்கிப்போன லயத்தை, தோட்டத் தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளை, பஸ் தாண்டும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். போன மாதம் ஒரு ஜன்னலில் அந்தச் செடி தெரிந்தது. புதுத் துளிர்கூட விட்டிருந்தது. ஸ்வெட்டர் இன்னும் பூச்சட்டியைச் சுற்றித்தான் இருந்தது. அந்த மனிதர் குளிருக்கு என்ன செய்கிறாரோ, தெரியவில்லை.