தீர்த்தம் குடித்த லாரி

இன்று மெக்கானிக் கடையில் பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியதும், இப்போது இல்லாமல் போன, மண்டபம் ஊரின் மீன் கொட்டகையும், ஹேண்டில் போட்டுச் சுற்றச் சுற்ற இருமிவிட்டுக் கிளம்ப மறுத்த டிரைவர் சூசையின் பழைய லாரியும் நினைவுக்கு வந்தன. ஐஸ் உருகிக்கொண்டிருந்தது, ரயிலைத் தவறவிட்டால் அத்தனை மீனும் நாறிவிடும். பெட்ரோல் வந்தது, தீப்பொறி வரவில்லை. அப்போது கிளீனர் பையனாக இருந்த நான், தீப்பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினால் உள்ளே ஈரம்.

"ஏலே சூசை, இங்கன எப்படித் தண்ணி வந்துச்சு?" என்றாள் மீன்காரி செபமாலை.

"காலையில சர்ச் சாமியார் வண்டிய மந்திரிக்க வந்தாரு. எஞ்சினுக்கும் நல்லாத் தீர்த்தம் தெளிங்க சாமின்னு நான்தான் தெறந்து காட்டுனேன்."

பிற்பாடு நான் படித்த எந்தக் கையேட்டிலும் இந்தப் பழுது இல்லை. தீர்த்தத்தைத் துடைப்பது பாவமென்று சூசை கைகட்டி நின்றார். செபமாலை முந்தானையால் மூடியைத் துடைத்து, அந்த ஈரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"பாவம் என்னோட போகட்டும், மீனு ரயில்ல போகட்டும். சுத்துலே!"

மூடியை மாட்டியதும், சூசை போட்ட ஒரே சுற்றில் லாரி உறுமியது.